வடக்கே நகர்த்தாத பெட்டி

1

ஆயுத பூஜைக்கு இன்னும் நாலு நாள் இருக்கிறது. மருமகள் கவிதா நேற்றே ஈரத்துணியோடு பூஜை அலமாரியைத் துடைக்க வந்துவிட்டாள். மேல் தட்டில் சாமி படங்களைத் துடைத்தாள். நடுத்தட்டில் விளக்குகளை எடுத்து வைத்தாள். கீழ்த்தட்டுக்கு வந்ததும் அவள் கை நின்றுவிட்டது. அங்கே மஞ்சள் துணி போர்த்திய ஒரு கறுப்புப் பெட்டி இருக்கிறது. போன வருஷம் பூஜையில் நான் வைத்த சந்தனம் அதன்மேல் காய்ந்து வெடித்துப் போயிருக்கிறது.

"அத்தை, இதையும் துடைக்கவா?"

"வேணாம்மா. அது பாட்டுக்கு இருக்கட்டும்."

அவள் துணியை அலசப் போய்விட்டாள்.

அந்தப் பெட்டிக்குள் இருப்பது என் மகனுடைய கைத்துப்பாக்கி. ஒரு வருஷமாக அது பூஜையில்தான் இருக்கிறது. அது ஏன் என்று எழுதத்தான் இன்றைக்கு உட்கார்ந்தேன்.

நான் அஞ்சாவது வரைக்கும்தான் படித்தவள். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எழுதும்போது யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை, அதனால் வந்த துணிச்சல் இது. ஊர் குடியாத்தம். ஒன்பது வருஷமாக அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்தில், பேர்லேண்ட் என்ற ஊரில் மகனோடு இருக்கிறேன். ஊரில் இருந்து படிக்கிறவர்கள் எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

துப்பாக்கி எனக்குப் புதிது இல்லை. என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருந்து வந்தபிறகு குடியாத்தத்தில் ஒரு பேங்க் வாசலில் காவலுக்கு இருந்தார். ரெட்டைக்குழல் துப்பாக்கி, லைசென்ஸ் அவர் பெயரில். காக்கி உறையில் போட்டு சைக்கிளில் கட்டிக்கொண்டு காலையில் போவார், சாயங்காலம் அதோடு திரும்பி வருவார். வீட்டில் அது பீரோவுக்குள் இருக்கும். தோட்டா வேறு இடத்தில். சாவி அவர் அரைஞாணில். இருபத்திரண்டு வருஷ வேலையில் அதை ஒரு தடவைகூடச் சுட்டதில்லை.

லைசென்ஸ் புதுப்பிக்கிற வருஷம் போலீஸ் ஸ்டேஷனில் இருந்து ஒரு ஆள் வருவார். முதலில் அக்கம்பக்கத்தில் விசாரிப்பார். அப்புறம் எங்கள் வீட்டுக்கு வருவார். நான் கதவுக்குப் பின்னால் நின்றுதான் பதில் சொல்வேன்.

"உங்க வீட்டுக்காரர் குடிப்பாராம்மா?"

"இல்லீங்க."

"கோவம் வருமா? கை நீட்டுவாரா?"

"கோவம் வருங்க. கை நீட்ட மாட்டாரு."

"நல்லா தூங்குறாரா? மனசுல ஏதாச்சும் வச்சிக்கிட்டு யோசனையாவே இருக்காரா?"

"படுத்தா கொறட்டைதாங்க. எனக்குத்தான் தூக்கம் கெடுது."

அந்த ஆள் சிரித்துக்கொண்டே எழுதிக்கொள்வார். அதற்கப்புறம் தாலுகா ஆபீஸ், கலெக்டர் ஆபீஸ் என்று காகிதம் நடக்கும். பேங்க் வேலையை விட்டபிறகு எலெக்‌ஷன் வந்தால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். ஒரு தடவை திரும்ப வாங்கப் போனபோது, "ரைட்டர் இல்ல, நாளைக்கு வாய்யா" என்று மூன்று நாள் அலைய விட்டார்கள். அவர் திட்டிக்கொண்டே அலைந்தார். எனக்கென்னவோ அந்த மூன்று நாளும் வீடு கொஞ்சம் லேசாக இருந்த மாதிரி இருந்தது.

அன்றைக்கு இதெல்லாம் வெறும் தொல்லையாகத்தான் பட்டது. இங்கே வந்தபிறகு வேறு மாதிரி நினைக்கிறேன். கதவுக்குப் பின்னால் நின்ற ஒரு பொம்பளையைக் கேட்டுவிட்டுத்தானே அவர்கள் கையெழுத்துப் போட்டார்கள்.

3

என் மகன் சேகர் ஹூஸ்டனில் ஒரு எண்ணெய்க் கம்பெனியில் இன்ஜினியராக இருந்தான். கவிதாவுக்கு ஆஸ்பத்திரி லேபில் வேலை. அவர்கள் பெண் தியாவுக்குப் பதினைந்து வயது. நான் தமிழில் பேசுவது அவளுக்குப் புரியும், பதில் பாதி இங்கிலீஷில் வரும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் இரண்டு தெரு தள்ளி ஒரு தமிழ்க் குடும்பம் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தபோது திருடர்கள் பூந்து நகையெல்லாம் கொண்டுபோய்விட்டார்கள். நம்மவர்கள் வீட்டில் தங்கம் இருக்கும் என்பது இங்கே திருடர்களுக்கும் தெரிந்திருக்கிறது. அடுத்த சனிக்கிழமை காய்கறி வாங்கப் போன சேகர், ஒரு கையில் கறிவேப்பிலைக் கட்டும் ஒரு கையில் இந்தக் கறுப்புப் பெட்டியுமாக வந்து நின்றான்.

"என்னடா இது?"

"கன்மா. செக்யூரிட்டிக்கு."

"லைசென்ஸ் எப்போ வாங்கின?"

"டெக்சாஸ்ல லைசென்ஸே வேணாம்மா. இருபத்தோரு வயசு ஆகி, கேஸ் கீஸ் இல்லாம இருந்தா போதும். இடுப்புல சொருகிட்டே கடைக்குப் போலாம்."

"யாராச்சும் வந்து வெசாரிச்சாங்களா?"

"ஒரு ஃபார்ம் குடுத்தாங்க, ஃபில் பண்ணேன். கம்ப்யூட்டர்ல செக் பண்ணாங்க. காபி ஆர்றதுக்குள்ள முடிஞ்சுபோச்சு."

"வீட்ல இருக்கறவங்கள ஒண்ணும் கேக்கலையா?"

"உன்ன எதுக்கும்மா கேக்கணும்?" என்று சிரித்தான்.

கவிதா சிரிக்கவில்லை. "கறிவேப்பிலை வாங்கப் போனவர் வாங்கிட்டு வர சாமானா இது?" என்றவள் இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. பெட்டி எப்போதும் பூட்டியே இருக்க வேண்டும், சாவி அவன் கார் சாவிக்கொத்தில் இருக்க வேண்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டபிறகுதான் பேசினாள்.

நியூ ஜெர்சியில் இருக்கும் என் நாத்தனார் மகள் போனில் ஆச்சரியப்பட்டாள். அங்கே போலீஸில் போய் அனுமதி வாங்க வேண்டுமாம், கைரேகை வைக்க வேண்டுமாம், இவனைத் தெரியும் என்று இரண்டு பேர் சொல்ல வேண்டுமாம். ஒரே நாடுதான். ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் மனுஷன் மேல் இருக்கிற நம்பிக்கை வேறு வேறாக இருக்கிறது.

இன்னொன்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. இங்கே கோயில் வாசலில் பெரிய எழுத்தில் ஒரு போர்டு உண்டு, இங்கிலீஷிலும் ஸ்பானிஷிலும். செருப்பை இங்கே விடவும் என்று எழுதியிருக்கிறது என நினைத்து, ஐந்து வருஷமாக அதன் அடியிலேயே ஒழுங்காகச் செருப்பை விட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நாள் தியாதான் படித்துச் சொன்னாள்.

"பாட்டி, தட்ஸ் அபவுட் கன்ஸ். உள்ள எடுத்துட்டுப் போகக் கூடாது."

"கோயிலுக்கு யாருடி துப்பாக்கி எடுத்துட்டு வருவாங்க?"

"இட்ஸ் டெக்சாஸ், பாட்டி" என்று தோளைக் குலுக்கினாள். யாராவது துப்பாக்கியோடு நுழைந்துவிட்டால் என்ன செய்வது என்று பள்ளிக்கூடத்தில் விளக்கை அணைத்துவிட்டு, சத்தம் போடாமல் சுவரோரம் உட்கார்ந்து பழகுகிறார்கள் என்றும் அதே குரலில் சொன்னாள். நாங்கள் பிரேயர் பெல் அடித்தது என்று சொல்வோமே, அந்த மாதிரி.

துப்பாக்கி வாங்கின அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு எல்லோரும் அவரவர் சாமானைக் கொண்டுவந்து வைத்தார்கள். சேகர் ஆபீஸ் லேப்டாப்பை வைத்தான், அதன் பக்கத்தில் விளையாட்டாகப் பெட்டியையும் வைத்தான். நான் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். பூஜையில் வைத்ததை அன்றைக்கு யாரும் எடுக்கக் கூடாது. மறுநாள் விஜயதசமி காலையில் விளக்கேற்றி மறுபூஜை செய்து, ஒவ்வொன்றையும் வடக்குப் பக்கமாக இத்தனூண்டு நகர்த்த வேண்டும். நகர்த்தினால் பூஜை முடிந்தது, எடுத்துக்கொள்ளலாம். இந்த வீட்டில் வடக்கு எது என்று வருஷா வருஷம் போல நான் முழித்தபோது தியா தன் போனில் முள்ளைப் பார்த்து, "தேட் வே, பாட்டி. ஃபிரிட்ஜ் பக்கம்" என்றாள். அன்றிலிருந்து எனக்கு வடக்கு என்றால் ஃபிரிட்ஜ் பக்கம்.

4

போன வருஷம் பங்குனியில் சேகருக்கு வேலை போய்விட்டது. பதினாலு வருஷம் பார்த்த வேலை. ஒரு நாள் காலையில் பத்து நிமிஷம் கம்ப்யூட்டரில் யாரோ பேசினார்கள், அவ்வளவுதான். நாலு நாள் கழித்து கம்பெனியில் இருந்து ஒரு காலி அட்டைப்பெட்டி வந்தது. லேப்டாப்பைத் திருப்பி அனுப்ப. அவனே அதைத் துடைத்து, உள்ளே வைத்து, டேப் ஒட்டி, வண்டிக்காரனிடம் கொடுத்தான். வண்டி தெருமுனை திரும்பும்வரை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான்.

அதற்கப்புறமும் காலையில் குளித்து, இஸ்திரி போட்ட சட்டை போடுவதை அவன் விடவில்லை. கராஜ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு போய்க் காரில் உட்காருவான். கார் எங்கேயும் போகாது. நான் காபியை எடுத்துப்போய்க் கண்ணாடியைத் தட்டுவேன்.

"உள்ள வந்து உக்காரேன்டா."

"அப்ளை பண்ணிட்டிருக்கேன்மா. இங்கதான் கொயட்டா இருக்கு."

போன் மடியில் கவிழ்ந்து கிடக்கும்.

அவன் சின்ன வயதில் இருந்தே முன்கோபக்காரன். சாம்பாரில் உப்பு குறைந்தால் தட்டு நகரும். அந்தக் கோபம் நின்றுபோயிற்று. தியா சொல்லாமல் சினேகிதி வீட்டுக்குப் போய் இரண்டு மணி நேரம் கழித்து வந்தாள், "சாப்ட்டியா?" என்று மட்டும் கேட்டான். கவிதா, "பரவால்ல அத்தை, வேலை போனாலும் ஆளு சாந்தமாயிட்டாரு" என்றாள். மறுநாள் நான் வேண்டுமென்றே சாம்பாரில் உப்பைக் குறைத்துப் பார்த்தேன், தட்டு நகரவில்லை.

ஆவணியில் எனக்கு வருஷாந்திர செக்கப். வேலை இல்லாததால் அவனே கூட்டிக்கொண்டு போனான். நர்ஸ் பெண் சிரித்த முகத்தோடு கேள்வி கேட்டாள், சேகர் தமிழில் சொன்னான். கீழே விழுந்தீர்களா? மனசு கஷ்டமாக இருக்கிறதா? வீட்டில் பயமில்லாமல் இருக்கிறீர்களா? அதற்கடுத்த கேள்வியில் 'கன்' என்ற வார்த்தை வந்தது. பட்டாளத்துக்காரன் பெண்டாட்டிக்கு அது தெரியாதா? அந்தக் கேள்வியை அவன் தமிழில் சொல்லவே இல்லை. "நோ" என்றான். அந்தப் பெண் டிக் அடித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டாள்.

"என்னடா கேட்டாங்க?"

"ஒண்ணும் இல்லம்மா. ரொட்டீன்."

இந்த நாட்டுக்கு வந்து இத்தனை வருஷத்தில் என்னை அதைக் கேட்ட ஒரே ஆள் அவள்தான். என் வாயைத் திறந்து "யெஸ்" என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்குத் தெரியாமல் இல்லை. பிள்ளையை அயலார் முன்னால் பொய்யனாக்க மனசு வரவில்லை. காரில் வீடு வந்து சேரும்வரை அந்த ஒரு வார்த்தையை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

5

பூஜை வந்தது. கவிதா ஆஸ்பத்திரி அடையாள அட்டையை வைத்தாள். தியா கெமிஸ்ட்ரி புத்தகம், வயலின். நான் என் தையல் கத்தரிக்கோல். கார் சாவிகள். லேப்டாப் வைக்கிற இடத்தில் பழக்கதோஷத்தில் நான் மாக்கோலம் போட்டுவிட்டேன். அது காலியாகக் கிடந்தது.

சேகர் தலை துவட்டாமல் வேட்டியோடு வந்தான். அந்தக் காலி இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். மாடிக்குப் போய்ப் பெட்டியை எடுத்து வந்து கோலத்தின்மேல் வைத்தான்.

"லேப்டாப்தான் போயிடுச்சே. எனக்கு இப்போ இது ஒண்ணுதான்மா மிச்சம்" என்று சிரித்தான்.

"அப்பா, தட்ஸ் நாட் ஃபன்னி" என்றாள் தியா.

குக்கர் சத்தம் கேட்டு கவிதா உள்ளே போனாள். நான் சந்தனக் கிண்ணத்தோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

எங்களுக்கு மூத்தது ஒரு பெண், செல்வி. நாலு வயதில் மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டாள். சேகர் அப்போது பிறக்கவே இல்லை. காரியமெல்லாம் முடிந்து அவர் வேலைக்குப் போன முதல் நாள், சாயங்காலம் சைக்கிளில் காக்கி உறை இல்லாமல் வந்தார்.

"எங்கங்க துப்பாக்கி?"

"பேங்க்லயே வச்சிட்டேன். மேனேஜர் பூட்டி வச்சிக்கறேன்னாரு. கொஞ்ச நாள் அங்கயே இருக்கட்டும்."

"ஏங்க?"

"இருக்கட்டும்னா விடு."

மூன்று மாதம் சைக்கிள் வெறுமையாகத்தான் வந்தது. சாவு விழுந்த வீடு, தீட்டு, ஆயுதம் இருக்கக் கூடாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நாற்பத்தெட்டு வருஷம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். விரலில் சந்தனத்தோடு உட்கார்ந்திருந்த அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது. அவர் அதைத் தன்னிடம் இருந்தே ஒளித்து வைத்திருக்கிறார். இல்லையென்றால் என்னிடம் இருந்து. எங்கள் இரண்டு பேரில் யாருக்காக என்று கேட்க இன்றைக்கு அவர் இல்லை.

பெட்டிக்குச் சந்தனம் வைத்தேன். 

மறுநாள் காலை விளக்கேற்றி ஒவ்வொன்றாக ஃபிரிட்ஜ் பக்கம் நகர்த்தினேன். புத்தகம், வயலின், அட்டை, கத்தரிக்கோல். சேகரின் சாவிக்கொத்தை நகர்த்தும்போது அதில் இருந்த சின்னச் சாவியைக் கழற்றிக் குங்குமச் சிமிழில் போட்டுக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் திருடியது அது ஒன்றுதான். பெட்டியை மட்டும் நகர்த்தவில்லை. அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்து மஞ்சள் துணியைப் போர்த்தினேன்.

கவிதாவிடம் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சேகரையே கூப்பிட்டுக் கேட்டிருக்க வேண்டும். கேட்டால், இல்லாத எண்ணத்தை நானே உண்டாக்கிவிடுவேனோ என்று பயந்தேன். கேட்பதால் அந்த எண்ணம் வருவதில்லை, கேட்கத்தான் வேண்டும் என்று டாக்டர் பிறகு சொன்னாராம். எனக்கு அது தெரியாது. எனக்குத் தெரிந்தது பூஜையை முடிக்காமல் விடுவது ஒன்றுதான்.

6

அந்த வெள்ளிக்கிழமை கோயிலில் குருக்களிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"சாமி, பூஜையில வச்ச ஒண்ண மறுபூஜை பண்ணாம விட்டா குத்தமா?"

"எத்தனை நாளைக்கும்மா?"

"தெரியலீங்க சாமி."

அவர் என் முகத்தையே பார்த்தார். என்ன ஏது என்று கேட்கவில்லை. "அம்பாளுக்கு என்ன அவசரம்? ஆகும்போது ஆகட்டும்" என்று கையில் பூவைக் கொடுத்தார்.

தினம் காலையில் கொல்லையில் இருந்து ஒரு செம்பருத்தியைப் பறித்து அந்தத் துணியின்மேல் வைப்பேன். வைக்கும்போது துணியைத் தொட்டுப் பார்ப்பேன், பெட்டி இருக்கிறதா என்று. அப்புறம்தான் காபி.

கார்த்திகை மாதம், ஒரு மத்தியானம். கவிதா வேலைக்குப் போயிருந்தாள், தியா ஸ்கூலில். நான் பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து திரி திரித்துக்கொண்டிருந்தேன். சேகர் காரில் இருந்து உள்ளே வந்து என் எதிரில் நின்றான்.

"அம்மா, என் கீ செயின்ல ஒரு சின்ன சாவி இருந்துச்சே, பார்த்தியா?"

"பார்த்தேன்."

"எங்க?"

"பெட்டி பூஜையில இருக்குடா. சாவி எதுக்கு?"

"பூஜை முடிஞ்சு ஒரு மாசத்துக்கு மேல ஆச்சும்மா."

"அதுக்கு முடியல. நான் வடக்க நகத்தல."

சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "அம்மா, வெளையாடாத. குடு" என்றான். குரல் எங்கேயோ தூரத்தில் இருந்து வந்தது.

 பெற்ற பிள்ளையிடம்கூட நான் எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாதவள். திரியைக் கீழே வைத்துவிட்டு அந்த அலமாரிக் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டேன்.

"உங்க அக்கா செத்தப்போ உங்கப்பா துப்பாக்கிய மூணு மாசம் வீட்டுக்கே கொண்டாரல. உனக்குத் தெரியுமா?"

"என்ன?"

சொன்னேன். சைக்கிள், காக்கி உறை, மேனேஜர், இருக்கட்டும்னா விடு. அப்பா அப்படி இருந்தார் என்று அவனுக்கு யாரும் சொன்னதில்லை. அப்பா என்றால் அவனுக்கு விறைப்பாக நிற்கிற மீசைதான்.

"அப்பாவா?" என்றான். திரும்பவும், "அப்பாவாம்மா?" என்றான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். நாற்பத்தாறு வயது ஆம்பளை. பஞ்சுத் திரியெல்லாம் அவன் காலடியில் நசுங்கியது.

"எனக்கும் தோணுச்சும்மா. ரெண்டு மூணு தடவ."

"இன்னிக்கா?"

 ஆமாம் என்று தலையை அசைத்தான்.

 அவன் தலையில் கை வைத்தேன். முன்பக்கம் எல்லாம் நரைத்துப் போயிருந்ததை அப்போதுதான் கிட்டத்தில் பார்த்தேன். நசுங்கின திரி ஒன்றை எடுத்து நீவிக்கொண்டே அவன் சொன்னான்.

"நீ முடிக்காதம்மா. அந்தப் பூஜைய முடிக்காத."

அவனே கவிதாவுக்குப் போன் பண்ணினான். அவள் லேப் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்து சேர்ந்தாள். அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். வாசலில் செருப்பு மாட்டும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "சாந்தமாயிட்டாருன்னு சொன்னேனே அத்தை, சாந்தமாயிட்டாருன்னு சொன்னேனே" என்று அதையே சொல்லி அழுதாள்.

7

இந்த ஒரு வருஷமாக மாத்திரை சாப்பிடுகிறான். வாரம் ஒரு நாள் ஒருவரிடம் போய்ப் பேசிவிட்டு வருகிறான். சித்திரையில் ஒரு சின்ன வேலை கிடைத்தது, நிரந்தரம் இல்லை. உப்பு குறைந்தால் மறுபடி தட்டு நகர்கிறது. அது நகரும்போது கவிதாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறோம். ஆனாலும் சில நாள் காலையில் அந்தக் காரில் போய் உட்காருகிறான். அன்றைக்கெல்லாம் எனக்குக் கையில் வேலை ஓடாது.

பெட்டியின் சாவியைக் கவிதா ஆஸ்பத்திரியில் தன் லாக்கரில் வைத்திருக்கிறாள். பெட்டியையும் கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று அவள் சொன்னபோது சேகர்தான் வேண்டாம் என்றான்.

"கடைல குடுத்தா அதே கடைல நாளைக்கே வேற வாங்கிடலாம் கவிதா. யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. இது இருந்தா நான் இதத்தான் தேடி வருவேன், அம்மாகிட்ட கேட்டு வாங்கறதுதான் கஷ்டம். இங்கயே இருக்கட்டும்."

எனக்கு எழுபத்திரண்டு வயது. எத்தனை நாளைக்கு நான் அலமாரிக் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டிருப்பேன்?  இதை நினைக்காத நாள் இல்லை.

இன்று காலை, கவிதா துடைத்து வைத்த தட்டுகளில் நான் காகிதம் விரித்துக்கொண்டிருந்தேன். சேகர் காபி டம்ளரோடு வந்து நின்றான். புது ஆபீஸ் லேப்டாப்பை எங்கே வைக்கலாம் என்று கேட்டான். மேல் தட்டைக் காட்டினேன். அவன் கண் கீழே, மஞ்சள் துணிக்குப் போயிற்று. 

"ஏம்மா, இந்த வீட்ல வடக்கு எந்தப் பக்கம்னு உனக்குத் தெரியுமா?"

என் கைக்கெட்டுகிற தூரத்தில் ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தது.

"தெரியாதுடா" என்றேன்.

அவன் காபியைக் குடித்து முடித்து டம்ளரை ஃபிரிட்ஜ் மேல் வைத்தான்.

"எனக்கும் தெரியாதும்மா" என்றான்.